மணிலாவில் எடுபடும் குரல்கள்

விருதுநகரிலிருந்து கோயம்புத்தூர் வரை 765 கிலோவோல்ட் உயரழுத்த மின்பாதை அமைக்க, ஆசிய வளர்ச்சி வங்கி 2019-ஆம் ஆண்டின் இறுதியில் 45.1 கோடி டாலர் கடன் தந்தது. சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடத் திட்டத்தில் அது ஒரு பகுதி. காற்றாலை, சூரிய ஒளி மின்சாரம் உள்ளிட்ட 1,500 மெகாவாட்டைத் தெற்கிலிருந்து மேற்கே கொண்டுசெல்வது நோக்கம். அதற்கு முந்தைய ஆண்டில்தான் தமிழ்நாட்டு நகரங்களின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கென்று 50 கோடி டாலருக்கு இதே வங்கி ஒப்புதல் அளித்திருந்தது. அதன் முதல் தவணையில் நம் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் இருந்தது. ஆமத்தூரைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் நின்று பார்க்கிறவருக்கு, வங்கியின் தலைமையகம் இருக்கும் மணிலா வெகு தூரம். ஆனாலும் இந்தப் பக்கத்து மின்சாரம், சாக்கடை, சாலை ஆகியவற்றில் ஒரு பங்கு, அந்த நகரில் பன்னிரண்டு இயக்குநர்கள் கூடும் அறையில் முடிவாகிறது. அங்கே யார் சொல் எடுபடுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வங்கி 1966-இல் 31 நாடுகளோடு தொடங்கியது. இந்தியாவும் நிறுவன உறுப்பினர். தலைமையகத்துக்கான போட்டியில் டோக்கியோவை மணிலா 9-க்கு 8 என்ற ஒரே வாக்கில் வென்றது. ஜப்பானுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் தலைவர் நாற்காலி அன்றிலிருந்து இன்றுவரை ஜப்பானியரிடமே இருக்கிறது: முதலாமவர் தக்கேஷி வத்தனபே, 2025-இல் வந்தவர் மசாதோ கண்டா. தலைவர் ஆசிய–பசிபிக் வட்டாரத்து நாட்டவராக இருக்க வேண்டும் என்று மட்டுமே சாசனம் சொல்கிறது. மற்றது மரபு. முதல் துணைத்தலைவராக ஓர் இந்தியர், சி. எஸ். கிருஷ்ணமூர்த்தி, இருந்தார் என்பது இங்கே அதிகம் பேசப்படாத செய்தி.

வாக்குக் கணக்கு இப்படி: மொத்த வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்கு எல்லா உறுப்பு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது, மீதி, பங்கு மூலதனத்துக்கு ஏற்ப. ஜப்பானும் அமெரிக்காவும் ஆளுக்கு 15.6 விழுக்காடு பங்கு வைத்திருப்பதால் இருவருக்கும் தலா 13 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான வாக்குகள். சீனாவுக்கும் இந்தியாவுக்கும் ஐந்து விழுக்காட்டுக்குச் சற்றே மேல். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ஜப்பானும் அமெரிக்காவும் சேர்ந்தாலும் கால் பங்குதான், அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் இயக்குநர் குழுவில் தீர்மானங்கள் பெரும்பாலும் கருத்தொற்றுமையால் நிறைவேறுகின்றன. கோப்பு மேசைக்கு வருவதற்கு முன்பே எது வரலாம், எது வரக்கூடாது என்பது தீர்ந்துவிடுகிறது. செல்வாக்கு வேலை செய்யும் இடம் அதுவே.

ஏழை நாடுகளுக்கான ஆசிய வளர்ச்சி நிதியம் 1974 முதல் இயங்குகிறது. நான்காண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் நாடுகள் கூடி அதை நிரப்புகின்றன. 2025–28 காலத்துக்கு 500 கோடி டாலர் என்று 2024 மே மாதம் முடிவானது. யார் எவ்வளவு தருவது என்ற பேச்சோடு, வங்கி எப்படி நடக்க வேண்டும் என்ற பேச்சும் அந்த மேசையிலேயே நடக்கிறது. இந்தியா அந்த நிதியத்தில் கடன் வாங்குவதில்லை. வங்கியிலேயே நாம் கடன் வாங்கத் தொடங்கியது 1986-இல்தான். ஆனால் அங்கே ஒப்புக்கொள்ளப்படும் கொள்கை முழு வங்கிக்கும் பொருந்தும். ராஜபாளையத்துக் குழாய்க்கும் சேர்த்துத்தான்.

ஆய்வாளர்கள் இதை எண்களால் சோதித்திருக்கிறார்கள். கிறிஸ்டோபர் கில்பி 2006-இல் வெளியிட்ட ஆய்வு, வங்கியின் பணம் எந்த நாட்டுக்கு எவ்வளவு போகிறது என்பதில் ஜப்பான், அமெரிக்கா ஆகியவற்றின் நலன் தொடர்ந்து தடம் பதித்திருப்பதைக் காட்டியது. டேனியல் லிம், ஜேம்ஸ் வ்ரீலேண்ட் இருவரும் 2013-இல் இன்னொன்றைக் கண்டனர்: ஒரு வளரும் ஆசிய நாடு ஐ.நா. பாதுகாப்பு அவையில் தற்காலிக இடம் பெறும்போது அதற்கு இவ்வங்கியின் கடனும் கூடுகிறது. அந்த நாட்டின் வாக்கு ஜப்பானுக்கு அங்கே பயன்படும் என்பது அவர்கள் தரும் விளக்கம். கடன் பெறுவோரின் அரசியல் தன்மையைப் பார்க்காமல் பொருளாதாரக் காரணங்களை மட்டுமே எடைபோட வேண்டும் என்று வங்கியின் சாசனம் 36-ஆம் பிரிவில் கட்டளையிட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டே இவ்வளவும் நடந்திருக்கிறது.

அந்தப் பிரிவு மீறப்பட்டதை நாமே அனுபவித்தோம். 1998 மே மாதப் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு, இந்தியாவுக்கான சர்வதேச வங்கிக் கடன்களை எதிர்க்கும்படி அமெரிக்கச் சட்டமே அதன் பிரதிநிதிகளைக் கட்டாயப்படுத்தியது. மனிதாபிமானப் பணிகளுக்கு மட்டுமே விலக்கு. பெரும் பணக்கார நாடுகளும் அதே வழி நின்றன. 2009-இல் சீனா. இந்தியாவுக்கான 290 கோடி டாலர் திட்டத்தில் அருணாசலப் பிரதேச நீர்வள வேலைக்கென்று இருந்த ஆறு கோடி டாலரைக் காரணம் காட்டி, முழுத் திட்டத்தையுமே அது எதிர்த்தது. இயக்குநர் குழு ஒப்புதல் தந்தபின்னும் சீனா விடவில்லை. அந்த அருணாசல வேலை வங்கிப் பணத்தில் நடக்கவில்லை. அழுத்தம் தருவதற்குக் கொடுக்கும் நாடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கடன் வாங்குகிற நாட்டாலும் முடியும் என்பதை அன்று பார்த்தோம்.

இதுவரை சொன்னது எனக்கு வருத்தம் தரும் பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிவகாசிப் பக்கத்தார் அதை மறக்கக்கூடாது.

அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் நான்சி பெலோசி 1989-இல் ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தார். சுற்றுச்சூழலை வெகுவாகப் பாதிக்கும் திட்டமானால், அதன் மதிப்பீட்டு அறிக்கை வாக்கெடுப்புக்கு 120 நாள் முன்பே கிடைக்க வேண்டும். இல்லையென்றால் அமெரிக்க இயக்குநர் ஆதரித்து வாக்களிக்கக் கூடாது. ஒரு நாட்டின் உள்நாட்டுச் சட்டம்தான் அது. ஆனால் பெரிய பங்குதாரரின் கை கட்டப்பட்டிருக்கும்போது எந்த வங்கி பிடிவாதம் பிடிக்கும்? ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009-ஆம் ஆண்டுக் காப்புக் கொள்கையிலும் அதே 120 நாள் இடம்பெற்றது. நம் நாட்டில் இரகசியக் கோப்பாகக் கிடந்திருக்கக்கூடிய அறிக்கைகள் பொதுப்பார்வைக்கு வந்தன. நிலக்கரியிலும் இதே கதை. 2008-இல் குஜராத்தின் முந்த்ரா அனல்மின் நிலையத்துக்குக் கடன் தந்த வங்கி, 2021-இல் புதிய நிலக்கரித் திட்டங்களுக்குப் பணம் தருவதில்லை என்று கொள்கையையே மாற்றிக்கொண்டது.

அந்தக் காப்புக் கொள்கையின் பின்னிணைப்பில், வங்கி பணம் தரக்கூடாத தொழில்களின் பட்டியல் உண்டு. அதன் முதல் வரி, கட்டாய உழைப்பும் குழந்தை உழைப்பும். இதைப் படிக்கும்போது எனக்கு விடியுமுன் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன கம்பெனி பஸ்கள்தான் நினைவுக்கு வருகின்றன. தீக்குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் போன பிள்ளைகள் அவர்கள். குழந்தை உழைப்புக்கு எதிராக எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இலும் 1996-இலும் தந்த தீர்ப்புகள் நம்முடையவை. அவற்றின் பெருமையை வெளிநாட்டுக்குத் தர வேண்டியதில்லை. ஆனால் 2000-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் இந்திய அரசும் ஆளுக்கு இரண்டு கோடி டாலர் போட ஒப்புக்கொண்ட இண்டஸ் திட்டம், தீப்பெட்டி, பட்டாசு உட்படப் பத்து ஆபத்தான தொழில்களை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் விருதுநகரும் ஒன்று. வெளிநாட்டார் நம் தொழிலை நசுக்கப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு அன்று பலமாக இருந்தது. அதில் வணிக நோக்கம் கலந்திருக்கலாம். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போனது அதனால் பொய்யாகிவிடாது.

ஆகவே செல்வாக்கு எதற்குப் பயன்பட்டது என்று பார்த்தே நான் மதிப்பிடுகிறேன். நண்பனுக்குக் கடனைக் கூட்டவும் பகைவனுக்குக் குறைக்கவும் பயன்பட்டால் அது சாசனத் துரோகம். கோப்பைத் திறந்துவைக்கவும் எளியவரைக் காக்கவும் பயன்பட்டால், அந்த விதியை யார் எழுதினாலும் அது நம் கையில் உள்ள கருவி.

மின்கோபுரம் நடப்படும் காட்டுக்காரரை எடுத்துக்கொள்வோம். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தில் கம்பி போகிறது. நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, பட்டா அவர் பெயரிலேயே நிற்கிறது, பயன்தான் குறைகிறது. கோபுரக் காலடி நிலத்துக்கு மதிப்பில் 85 விழுக்காடு இழப்பீடு என்று மத்திய மின்துறை 2015-இல் வழிகாட்டியது. 2024-இல் அதை இரு மடங்கு மதிப்பாக உயர்த்தியது. வழிகாட்டுதல் காகிதத்தில் இருப்பதும் அவர் கைக்குப் பணம் வருவதும் வேறு வேறு. மணிலாவில் தமிழ்நாட்டுக்குத் தனி நாற்காலி கிடையாது. இந்திய இயக்குநரோ வங்கதேசம், பூட்டான், லாவோஸ் போன்ற நாடுகளுக்கும் சேர்த்துப் பேசுகிறவர்.

ஆனால் வங்கியில் முறையீட்டு அமைப்பு ஒன்று இருக்கிறது. 1995-இல் தொடங்கி 2003-இல் மாற்றியமைக்கப்பட்டது. இலங்கையின் தெற்கு நெடுஞ்சாலைக்கு வீட்டையும் நிலத்தையும் இழந்தவர்கள் 2004-இல் அதன் கதவைத் தட்டினார்கள். வங்கி தன் சொந்த விதிகள் சிலவற்றைப் பின்பற்றவில்லை என்று ஆய்வுக்குழு அடுத்த ஆண்டே எழுதியது. 2012-இல் திருத்திய விதிகளின்படி, முதலில் வங்கியின் திட்ட அதிகாரிகளிடம் முறையிட்டுப் பார்க்க வேண்டும். தீராவிட்டால் பாதிக்கப்பட்டவர் இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் போதும், வக்கீல் தேவையில்லை. கடன் கணக்கு முடிந்து இரண்டாண்டு வரை மனு ஏற்கப்படும். வளரும் உறுப்பு நாடுகளின் ஆட்சிமொழி எதிலும் எழுதலாம். இலங்கையின் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் தமிழிலேயே எழுதலாம்.