மூணு காத்து மெத்தையும் ஒரு பதிவு எண்ணும்

2007 அக்டோபர். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாடு, ஹோட்டலெல்லாம் ஃபுல். வாடகை கட்டத் திணறிக்கிட்டிருந்த பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் வீட்டுக்குள்ளே காத்து மெத்தை மூணு போட்டு, மூணு பேரைக் காசு வாங்கித் தங்க வைத்தார்கள். ஏர்பிஎன்பி பிறந்த கதை இதுதான்.

காமெடி என்னன்னா, அந்த ஊரில் நாலோ அதுக்கு மேலோ வீடுகள் உள்ள கட்டடத்தில் 30 நாளுக்குக் குறைவா வாடகைக்கு விடுவதே அப்போ சட்டப்படி தப்பு :-)

வீடெல்லாம் லாட்ஜாக மாறினால் குடியிருக்கிறவன் எங்கே போவான்னு கேள்வி கிளம்பியது. 2014-ல் மேயர் எட் லீ கையெழுத்துப் போட்டார், 2015 பிப்ரவரியில் புது விதி அமலுக்கு வந்தது. நகர நிர்வாகத்திடம் பதிவு பண்ணணும், நீங்களே குடியிருக்கிற வீடா இருக்கணும், நீங்க வீட்டில் இல்லாம விடுவதுன்னா வருஷத்துக்கு 90 நாள்தான்.

ஆனா பெரும்பாலானவங்க பதிவே பண்ணலை. 2016-ல் தளங்களையே பொறுப்பாக்கி விதி மாற்றினார்கள். ஏர்பிஎன்பி வழக்குப் போட்டு, 2017-ல் சமரசமானது. 2018 ஜனவரியில் பதிவு எண் இல்லாத வீடுகளைத் தூக்கினதும், பட்டியல் ஏறக்குறைய பாதியானது!

பொட்டி தட்டுற நமக்குத் தெரியாததா? கட்டாயம்னு நட்சத்திரக் குறி போட்டா மட்டும் போதாது, காலியா விட்டா சப்மிட் ஆகவே கூடாது. அந்த ஒரு வரி நிரலுக்கு மூணு வருஷம். அதுவரைக்கும் வாடகைக்கு வீடு தேடி அலைஞ்சவங்களுக்கு யார் பதில் சொல்றது மக்களே?