நச்சு காட்டிக் கொடுத்த மூன்று புரதங்கள்

கால்ல ஆணி குத்தினா, "முதல்ல டி.டி. ஊசி போட்டுட்டு வா"ன்னு வீட்டுல விரட்டுவாங்க இல்லையா? அந்த ஊசி எந்த நச்சுக்குப் பயந்து போடப்படுதோ, அந்த டெட்டனஸ் நச்சுதான் இன்னிக்கு நம்ம கதை. கூடவே அதோட பங்காளி பொட்டுலினம். முகச் சுருக்கத்துக்குப் போடுற போடாக்ஸ் இந்தப் பங்காளியோட சரக்குதான்.

டெட்டனஸ் வந்தா உடம்பு வில்லா விறைச்சுக்கும். பொட்டுலினம் ஏறினா தசையெல்லாம் துவண்டு, கடைசியில மூச்சே நின்னுடும். ரெண்டும் பாக்டீரியா நச்சு, ஆனா விளைவு நேர் எதிர்.

நரம்பு நுனியில குட்டிக் குட்டிப் பைகள் இருக்கு. உள்ளே ரசாயனத் தூதுவர்கள். சிக்னல் வந்ததும் பை செல்லோட சவ்வுல ஒட்டி, உள்ளே இருக்கிறதை வெளியே கொட்டும். பொட்டுலினம் இந்தக் கொட்டுறதைத்தான் தடுக்குதுன்னு 1949-லயே பர்கன், டிக்கன்ஸ், ஜாட்மன் மூணு பேரும் காட்டிட்டாங்க. ஆனா பையை சவ்வோட ஒட்ட வைக்கிறது எது? 1980-களின் கடைசியில பை மேல சினாப்டோப்ரெவின்னு ஒரு புரதத்தைக் கண்டுபிடிச்சாங்க. பேரு வச்சாச்சு, வேலை என்னன்னு தெரியல.

1992. இத்தாலியின் பதுவா நகரம். ஸ்கியாவோ, மொன்டேகுக்கோ குழு ஒரு விஷயத்தை நிரூபிச்சது: இந்த நச்சுகள் துத்தநாகம் வச்சு வேலை செய்யுற கத்திரிக்கோல்கள். டெட்டனஸும் பொட்டுலினம் 'பி' வகையும் வெட்டுறது சினாப்டோப்ரெவினை. அதுவும் ஒரே இடத்துல, 76-வது அமினோ அமிலத்துக்கும் 77-க்கும் நடுவுல!

சோதனைக் குழாய்ல வெட்டுது, சரி. நரம்பு முடங்குறதுக்கும் அதுதான் காரணமா? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி வருது. கடல்முயல்னு ஒரு கடல் நத்தை. அதோட நரம்பு செல்லுக்குள்ள நச்சைச் செலுத்தும்போது, வெட்டுப்படுற பகுதியோட சின்னத் துண்டுகளையும் சேர்த்துப் போட்டாங்க. கத்திரிக்கோல் அந்தத் தூண்டில்ல மாட்டிக்கிச்சு. முடக்கம் ரொம்பத் தாமதமாச்சு.

அப்போ விளைவு ஏன் எதிரெதிர்? வெட்டு ஒண்ணுதான், இடம்தான் வேற. பொட்டுலினம் தசைக்குப் பக்கத்துலயே நின்னு, 'சுருங்கு'ங்கிற செய்தியைத் தடுக்கும். டெட்டனஸ் நரம்பு வழியா தண்டுவடம் வரைக்கும் ஏறிப்போய், 'தளர்'னு சொல்ற செய்தியை அடைச்சிடும்.

1993-ல இன்னும் ரெண்டு வெட்டுகள் தெரிஞ்சது. 'ஏ' வகை வெட்டுறது ஸ்னாப்-25, 'சி' வகை வெட்டுறது சின்டாக்சின். அதே வருஷம் நியூயார்க்ல ஜேம்ஸ் ரோத்மன் குழு, நச்சே இல்லாம முற்றிலும் வேற வழியில, மாட்டு மூளையிலிருந்து மூணு புரதங்களைப் பிடிச்சது. பார்த்தா, அதே மூணு! இவை ஒண்ணோட ஒண்ணு ஜடை மாதிரி முறுக்கிக்கிட்டு பையை சவ்வுக்கு இழுக்குதுன்னு பின்னாடி தெளிவாச்சு.

2013-ல ரோத்மன், ஷெக்மன், சூடாஃப் மூணு பேருக்கும் நோபல். தகுதியான பரிசுதான். ஆனா அந்த மேடையில பதுவாவுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்னு எனக்கு ஒரு சின்ன ஆதங்கம்.

அந்தக் கத்திரிக்கோலை நரம்போட நிறுத்தல. கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்லுக்குள்ள நச்சோட வெட்டுற பகுதியை மட்டும் அனுப்பிப் பார்த்தாங்க. இன்சுலின் வெளியே வர்றதும் தடைபட்டது.