சிவப்பும் நீலமும்

திருநீர்மலைப் படிக்கட்டில் உட்கார்ந்து நாம் வாதாடியது நினைவிருக்கிறதா நண்பர்களே? 1984-இல் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்', இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். அதற்குத் தந்தது சிவப்பு-நீலக் கண்ணாடிதான் என்று சாதித்தேன். "இல்லடா, அது போலராய்டு" என்றான் அறை நண்பன். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் சொன்னதே சரி.

நிறக் கண்ணாடி முறை அதைவிடப் பழசு. 1853-இல் ஜெர்மானியர் ரோல்மன் விளக்கியது. ஆனால் அது நிலா வரை போய்விட்டது! சந்திரயான்-3 இறங்கியது 2023 ஆகஸ்ட் 23. செப்டம்பர் 5-இல் இஸ்ரோ வெளியிட்ட விக்ரம் படம் இதே முறைதான். பிரக்யான் ஊர்தி எடுத்த இடப்பக்கப் படத்தைச் சிவப்பிலும், வலப்பக்கப் படத்தை நீலப்பச்சையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். சிவப்புத் தாள் இடக்கண்ணுக்கு இடப்படத்தை மட்டும் விடும். நீலப்பச்சைத் தாள் வலக்கண்ணுக்கு வலப்படத்தை மட்டும். இரண்டையும் சேர்த்து ஆழம் காட்டுவது நம் மூளை. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் பொறியியல் படித்தது நம் மேற்குத் தாம்பரத்தில்.

கலர் கண்ணாடித்தாள் ஒட்டி ஒரு ஜோடி செய்து அந்தப் படத்தைப் பார்த்தேன். விக்ரம் எழுந்து நின்றது. "தோத்துட்டேன்டா" என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்க அவன் இல்லை. மாணவத் தம்பி தங்கைகளே, தோற்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.