பரீட்சைக்குப் படித்த ஊர்: கோவையில் பொதுத்தேர்வுத் தயாரிப்பின் வரலாறு

கோயம்புத்தூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஆண்டிறுதிப் பரீட்சைக்குத் தயார் செய்யும் வழக்கம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வோடு வேர்விட்டது. அந்தப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டது. அதற்கு முன் திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் இருந்தது, எண்சுவடி இருந்தது, முறை வைத்துப் பாடம் ஒப்பித்தல் இருந்தது. ஆனால் எங்கோ இருக்கும் ஒருவர் கேள்வித்தாள் தயாரிக்க, முகம் தெரியாத இன்னொருவர் விடைத்தாளைத் திருத்த, அந்த மதிப்பெண்ணை வைத்து ஒரு பிள்ளையின் வேலையும் மேற்படிப்பும் முடிவாகும் ஏற்பாடு இல்லை. மெட்ரிகுலேஷன் அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கல்லூரிக்குள் நுழைவதற்கும் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பெறுவதற்கும் அதுவே வாசல் ஆனது.

இன்றைய கோவை அரசு கலைக் கல்லூரி 1852-இல் ஆங்கிலக் கல்விக்கான ஒரு பள்ளியாகத்தான் தொடங்கியது. அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1867-இல் தன் முதல் அணி மாணவர்களை மெட்ரிகுலேஷனுக்கு அனுப்பியது. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1862-இல் தொடங்கிய பள்ளியும் மிஷன் பள்ளிகளும் அந்தக் காலத்தில் எழுந்தவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு, பள்ளிகளுக்குத் தரும் மானியத்தைத் தேர்ச்சி பெற்ற மாணவர் எண்ணிக்கையோடு இணைத்துக் கணக்கிட்டது. ஆய்வாளர் வரும் நாளில் எத்தனை பிள்ளைகள் சரியாகப் பதில் சொல்கிறார்களோ, அதைப் பொறுத்துப் பள்ளிக்குப் பணம் வரும். பள்ளியின் வரவையும் மாணவனின் மதிப்பெண்ணையும் ஒன்றாகக் கட்டிய இந்த முறை பின்னர் கைவிடப்பட்டது. ஆனாலும் தேர்ச்சி விழுக்காட்டை வைத்துப் பள்ளியை அளக்கும் மனப்போக்கு அதோடு போய்விடவில்லை.

அந்தக் காலத் தேர்வு எப்படிப்பட்டவரை மேலே ஏற்றும், எப்படிப்பட்டவரைக் கீழே தள்ளும் என்பதற்குக் கொங்கு மண்ணில் பிறந்த ஒருவரே சான்று. சீனிவாச இராமானுஜன் 1887-இல், அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் படித்து 1903-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்த படியான எஃப்.ஏ. (கல்லூரி இடைநிலை) தேர்வில், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் தோற்றார். மீண்டும் எழுதியும் தேறவில்லை. அவரது கையில் இருந்த புத்தகம் ஜி.எஸ்.கார் எழுதிய கணிதத் தொகுப்பு. கார் இங்கிலாந்தில் மாணவர்களைக் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குத் தயார் செய்துவந்த தனிப்பயிற்சி ஆசிரியர். நீண்ட நிரூபணங்கள் இல்லாமல் ஆயிரக்கணக்கான சூத்திரங்களை அடுக்கிய அந்த நூல், பரீட்சைக்குத் திருப்பிப் பார்க்க உதவும் கையேடுதான். பரீட்சைக்காக எழுதிய நூல் ஒரு மேதையை உருவாக்கியது. பரீட்சை அந்த மேதையை வெளியே அனுப்பியது.

மெட்ரிகுலேஷன் மனப்பாடத்தையே வளர்க்கிறது என்ற குறை வலுத்ததால், சென்னை மாகாணம் 1911-இல் எஸ்.எஸ்.எல்.சி. முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதன் அடிப்படை எண்ணம் இன்றும் மதிக்கத் தக்கது. ஒரே நாள் பரீட்சையை மட்டும் நம்பாமல், மாணவன் பள்ளியில் உயர் பாரங்களில் (வகுப்புகளில்) பெற்ற மதிப்பெண்களையும் சான்றிதழ்ப் புத்தகத்தில் பதிவு செய்தார்கள். பிறந்த தேதியும் அங்க அடையாளமும் அதிலேயே இருந்ததால், 'எஸ்.எஸ்.எல்.சி. புக்' வாழ்நாள் முழுவதும் பெட்டியில் பத்திரமாக வைக்கும் ஆவணம் ஆயிற்று. நல்ல நோக்கம் இருந்தும், காலப்போக்கில் பொதுத்தேர்வு மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானித்தது. பள்ளிப் பதிவு ஒதுங்கியது. பள்ளிகள் தம் பங்குக்குச் 'செலக்‌ஷன்' பரீட்சை ஒன்றை வைத்தன. அதில் தேறாதவரைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பத் தயங்கின. பள்ளியின் கடைசி வகுப்பான சிக்ஸ்த் பாரம் மாணவனுக்கு மார்ச் மாதப் பொதுத்தேர்வைவிட அதற்கு முந்தைய செலக்‌ஷனே பெரிய பயமாக இருந்தது.

ஆர்.எஸ்.புரம் உருவானது இந்த எஸ்.எஸ்.எல்.சி. காலத்தில்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் கோவையை மீண்டும் மீண்டும் தாக்கியது. நெருக்கமான பழைய பேட்டைகளை விட்டு மக்கள் மேற்கே நகர்ந்தபோது, நேரான வீதிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒரு புதிய பகுதி திட்டமிடப்பட்டது. நகரசபைத் தலைவராக இருந்த திவான் பகதூர் சி.எஸ்.இரத்தினசபாபதி முதலியார் பெயரால் அது இரத்தினசபாபதிபுரம் ஆனது. அவரது பட்டம்தான் இன்றைய டி.பி. ரோட்டின் பெயரிலும் இருக்கிறது. அருகே 1906-இல் இயங்கத் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி, வனக் கல்லூரி, 1912-இல் வந்த கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஆகியவை இருந்தன. ஆகவே இங்கே குடியேறியவர்களில் உத்தியோகஸ்தர், ஆசிரியர், வக்கீல் வீட்டார் கணிசம். நிலமும் மில்லும் வைத்திருந்த குடும்பங்களுக்குப் பரீட்சை ஒரு கௌரவம். சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அதுவே சொத்து. மாலையில் ஆசிரியர் வீட்டு வாசலில் நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போடும் டியூஷன் இத்தகைய வீதிகளில் வேரூன்றியதற்கு அதுவே காரணம்.

விளக்கும் இந்தக் கதையில் இடம் பெற வேண்டும். பைக்காரா நீர்மின் திட்டம் 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. கோவையின் நூற்பாலைகளை அது பெருக்கியதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இரவு நேரப் படிப்பை அது நீட்டித்ததைப் பற்றி எழுதியவர் குறைவு. சீமெண்ணெய் விளக்கில் கண் எரியும்வரை படித்தவர்களின் தம்பிகள் மின்விளக்கில் படித்தார்கள். மில் சங்கு ஊதியதும் எழுந்து புத்தகத்தை எடுப்பது தொழிலாளர் குடியிருப்புகளில் பழக்கமாயிற்று.

நகரத்துக்கு வெளியேயும் பள்ளிகள் பெருகின. பீளமேட்டில் சர்வஜன உயர்நிலைப் பள்ளி 1924-இல் தொடங்கியது. தி.சு.அவிநாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் பின்னர் பெரியநாயக்கன்பாளையத்தில் நிலைகொண்டது. 1934-இல் காந்தியடிகள் அங்கே அடிக்கல் நாட்டினார். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் நூலும் நூற்று, தோட்டத்திலும் வேலை செய்தார்கள். கொங்கு நாட்டில் உண்டுறை பள்ளி இப்படியும் இருந்தது என்பதை, பின்னாளில் அதே பெயரில் வந்தவற்றைப் பேசும்போது நினைவில் வைக்க வேண்டும்.

அவிநாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். உயர்நிலைப் பள்ளியில் தமிழ் பயிற்றுமொழியாக வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சரித்திரத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கில வாக்கியங்களாக உருப்போட்டு எழுதிய தலைமுறைக்குப் பின், சொந்தச் சொற்களில் விடை எழுதக் கூடிய தலைமுறை வந்தது. தேர்வுத் தயாரிப்பின் வரலாற்றில் இதைவிடப் பெரிய விடுதலை எதுவும் நடக்கவில்லை. அதன்பின் காமராசர் ஆட்சியில் இலவசக் கல்வியும் மதிய உணவும் பரவ, வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவர்களும் எஸ்.எஸ்.எல்.சி. வரை எட்டினார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லாத அவர்களுக்கு அச்சிட்ட நோட்ஸ் கைகொடுத்தது. திருச்சி புனித வளனார் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனார் எழுதி, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் தமிழ் உரை, தமிழ்நாடு முழுவதும் போலவே கோவையிலும் ஜூன் மாதப் புத்தகக் கடைகளில் பாடநூலோடு சேர்த்தே வாங்கப்பட்டது. உரைநூலைப் பழிப்பது எளிது. செய்யுளுக்குப் பொருள் சொல்ல யாருமற்ற கிராமத்துப் பிள்ளைக்கு அது ஓர் ஆசிரியராகவே இருந்தது.

ஆங்கிலத்திலும் கணக்கிலும் தவறியவர்கள் டுடோரியல்களை நாடினார்கள். பள்ளிச் சீருடை இல்லாமல், வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் படித்து, ஆண்டின் பிற்பகுதியில் வரும் தேர்வை எழுதினார்கள். 1952-53-இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ.லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, கற்பித்தல் முழுவதையும் தேர்வே ஆட்டிப்படைக்கிறது என்று கண்டது. வெளித்தேர்வுகளைக் குறைக்கவும் பள்ளிப் பதிவேட்டுக்கு மதிப்புத் தரவும் பரிந்துரைத்தது. 1911-இல் சொன்னதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. பதினோராம் வகுப்பில் முடிந்த பழைய எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு வந்தது. கல்லூரிகளில் இருந்த புகுமுக வகுப்பான பி.யூ.சி.க்குப் பதிலாகப் பள்ளியில் பிளஸ் 1, பிளஸ் 2 வந்தன. முதல் பிளஸ் 2 பொதுத்தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது. பொறியியல், மருத்துவப் படிப்புக்கான சேர்க்கை இந்த மதிப்பெண்ணைப் பார்த்ததால் தேர்வின் எடை பல மடங்கு கூடியது. 1984-இல் தொழிற்படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வும் வந்தது. பிளஸ் 2 மதிப்பெண் 200, நுழைவுத் தேர்வு 100 என 300-க்குக் கட் ஆஃப் போட்டார்கள். அதே காலத்தில் பெருந்துறையிலும் சரவணம்பட்டியிலும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தோன்றியதால், நெசவாளர், விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொறியாளர் ஆகும் வழி கண்முன் தெரிந்தது.

அந்த ஆசையின் மீது எழுந்தவைதான் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டார உண்டுறை பள்ளிகள். கோவையிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். விடியுமுன் எழுப்புதல், காலைப் படிப்பு, வகுப்பு, ஸ்லிப் டெஸ்ட், நைட் ஸ்டடி என்று நாள் முழுவதும் அட்டவணைக்குள் அடங்கியது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்று சொல்லும் புளூ பிரிண்ட், பாட முடிவில் உள்ள 'புக் பேக்' ஒரு மதிப்பெண் வினாக்கள், பெற்றோர் ஆசிரியர் கழக வினா வங்கி, பழைய கேள்வித்தாள்கள் ஆகியவற்றை இப்பள்ளிகள் நுணுக்கமாக ஆராய்ந்தன. விடையின் முக்கிய வரியை அடிக்கோடிடுவது வரை பயிற்சி நடந்தது. கணக்கில் 'சென்டம்' (முழு மதிப்பெண்) எத்தனை என்பது விளம்பரப் பலகைக்கான செய்தி. 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டபோது கிராமப்புற மாணவர்களின் பெரிய தடை விலகியது. ஆனால் பிளஸ் 2 மதிப்பெண் ஒன்றே கட் ஆஃபைத் தீர்மானித்ததால், இந்தப் பயிற்சி முறை இன்னும் இறுகியது.

இந்தப் பயிற்சி முறையில் மிக மோசமான வழக்கம் ஒன்று இருந்தது. பிளஸ் 1 பாடத்துக்கு அப்போது பொதுத்தேர்வு இல்லாததால், பல தனியார் பள்ளிகள் அதை நடத்தாமலேயே விட்டு, பிளஸ் 2 பாடத்தை இரண்டு ஆண்டும் நடத்தின. வகையீட்டின் அடிப்படையும் இயக்கவியலும் கரிம வேதியியலின் தொடக்கமும் பதினோராம் வகுப்பில்தான் இருந்தன. 1,200-க்கு 1,150 எடுத்த மாணவர் பொறியியல் முதலாண்டுக் கணக்கில் திணறியதற்கு இதுவே காரணம். இந்த விடுதிப் பள்ளிகளைக் கல்வியாளர்கள் பிராய்லர் கோழிப் பண்ணை என்று கண்டித்தபோது, கோழிப் பண்ணைக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் அது ஆழமாகவே தைத்தது. அந்தப் பள்ளிகளால் உயர்ந்த ஏழைக் குடும்பங்கள் உண்டு. ஆயினும் ஓராண்டுக் கல்வியைத் திருடிக் கொடுத்த மதிப்பெண் நியாயமானதல்ல.

ஆர்.எஸ்.புரத்தின் பாதை சற்று வேறு. இங்கே பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தார்கள். பள்ளி முடிந்ததும் டியூஷன் சென்டர்களுக்குச் சைக்கிளில் சென்றார்கள். கௌலி பிரவுன் சாலையில் உள்ள மாவட்ட மைய நூலகம், வீட்டில் அமைதியான மூலை இல்லாதவர்களுக்குப் படிக்கும் இடம் கொடுத்தது. மாநகராட்சிப் பள்ளிகள் நடத்தும் தயாரிப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அரையாண்டுத் தேர்வுக்குப் பின் ஜனவரி முதல் திருப்புதல் தேர்வுகள், காலை மாலை ஸ்பெஷல் கிளாஸ், மெல்லக் கற்கும் மாணவர்களுக்குக் குறைந்தபட்சப் பாடக் குறிப்பு என்று அது போகிறது. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் தாய்மாரின் மகள்கள் அங்கே தேர்ச்சி பெறுவது, விளம்பரப் பலகையில் வரும் சென்டத்துக்குச் சற்றும் குறைந்த சாதனை அல்ல.

2010-க்குப் பிறகு விதிகள் வேகமாக மாறின. மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன் உள்ளிட்ட நான்கு பாடத்திட்டங்களும் சமச்சீர் கல்வியில் இணைந்தன. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2017-இல் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் ரேங்க் முறை நிறுத்தப்பட்டது. மே மாதத்தில் ஒரு பிள்ளையின் படம் நாளிதழ் முகப்பில் வர, லட்சக்கணக்கான பிள்ளைகள் வீட்டில் திட்டு வாங்கிய வழக்கம் அதோடு முடிந்தது; மிக நல்ல முடிவு. அதே ஆண்டு பிளஸ் 1-க்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. மொத்த மதிப்பெண் 1,200-லிருந்து 600 ஆனது. புளூ பிரிண்ட் முறையும் போனது. மருத்துவத்துக்கு நீட் கட்டாயமானதால், ஆர்.எஸ்.புரம், காந்திபுரம் வீதிகளில் பிளஸ் 2 டியூஷன் பலகைகளுக்குப் பக்கத்தில் நீட், ஜே.இ.இ. பலகைகள் ஏறின. கொரோனாவால் 2020-இல் பத்தாம் வகுப்புத் தேர்வும் 2021-இல் பிளஸ் 2 தேர்வும் நடக்கவில்லை. பின்னர் வகுப்புகள் பழைய ஒழுங்குக்குத் திரும்பின. 2024 பிளஸ் 2 தேர்வில் 97.45 விழுக்காட்டுத் தேர்ச்சியுடன் கோவையை அடுத்த திருப்பூர் மாவட்டம் மாநிலத்தில் முதலிடம் பெற்றது.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி, 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் 1 பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. மூன்று ஆண்டு தொடர்ச்சியாகப் பொதுத்தேர்வு எழுதும் சுமை மாணவர்களுக்குக் குறைந்தது. ஆனால் அந்தத் தேர்வு கொண்டுவரப்பட்டதற்கான காரணம் இன்னும் நீங்கவில்லை. பதினோராம் வகுப்புப் பாடம் மீண்டும் கைவிடப்படாமல் பார்ப்பது கல்வித்துறையின் கடமை. பிள்ளையின் பிளஸ் 1 கணக்கு நோட்டில் ஜூலையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பெற்றோரும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.