பேட்டரியும் என் அவசரமும்

கொஞ்சம் நீளமான பதிவு, சாவகாசமாகப் படியுங்கள். 1986-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசிவரை படித்துவிடுங்கள்.

லீவுக்கு ராஜபாளையம் வந்திருக்கும் பேரன் ஒரு ரிமோட் விமானம் வைத்திருக்கிறான். அதன் லித்தியம் பாலிமர் பேட்டரி போன வாரம் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. எத்தனை ஆம்பியரில் சார்ஜ் போட்டாய் என்று கேட்டேன். ஆறு என்றான். "25 சி-ன்னு போட்டிருக்கே தாத்தா, வேகமா ஏத்தலாம்ல?"

அவன் பார்த்த 25 சி என்பது பேட்டரி மின்சாரத்தைக் கொடுக்கும் வேகம். வாங்கிக்கொள்ளும் வேகம் வேறு. அது 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி. அதற்கு ஒரு சி என்றால் 2.2 ஆம்பியர். தயாரித்தவர்கள் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, அந்த அளவில் ஏற்றுவதுதான் வழக்கம். நிறைய ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். உப்பிய பேட்டரியை மணல் போட்ட சட்டியில் வைத்து வெளியே கொண்டுபோய் வைத்தேன். அதை மறுபடி சார்ஜில் போடவே கூடாது.

அவனுக்கு விளக்க ஆரம்பித்த கதை 1859-க்குப் போய்விட்டது. வாத்தியார் புத்தி, என்ன செய்ய.

அந்த வருஷம்தான் பிரான்சில் கஸ்தோன் பிளான்தே என்பவர் ஈய-அமில பேட்டரியைச் செய்தார். வெறும் ஈயத் தகடுகள். அவற்றை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால்தான் பக்குவத்துக்கு வரும். அத்தனை நாள் யார் காத்திருப்பது? 1881-ல் கமீய் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஈய ஆக்சைடைப் பசையாகக் குழைத்துத் தகட்டில் அப்பிவிட்டார். வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனால் அப்பிய பசை ஒருநாள் உதிரும் அல்லவா? பிளான்தே தகடுகள் நெடுங்காலம் உழைக்கும். நம் கார், பைக் பேட்டரியில் இருப்பதெல்லாம் பசைத் தகடுதான்.

என் சின்ன வயதில் மலையடிவாரத்து ஊர்களில் கரண்ட் கிடையாது. ரேடியோ கேட்க வேண்டுமென்றால் பேட்டரியை சைக்கிள் கேரியரில் கட்டி ராஜபாளையம் சார்ஜ் கடைக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவர் வேஷ்டியில் அமிலம் பட்டுப் பொத்தல் பொத்தலாக இருக்கும். திருவிழா சீசன் என்றால் மைக்செட்காரர்களின் பேட்டரிகளும் கடை வாசலில் வரிசை கட்டும். நல்ல கடைக்காரர் ராத்திரி முழுக்க மெதுவாக ஏற்றுவார். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர், அதுதான் அவர் கணக்கு. நிறையும் தறுவாயில் மின்சாரம் தகட்டுக்குள் போகாமல் தண்ணீரைப் பிரிக்க ஆரம்பிக்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழியாகக் கிளம்பும். அந்த நேரத்தில் ஆம்பியரைக் குறைக்காவிட்டால் சூடேறும், தகடு வளையும், குமிழிகள் பசையை உதிர்க்கும். "பிளேட் கொட்டிருச்சு சார்" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

அடுத்து நிக்கல்-காட்மியம். ஸ்வீடனில் யுங்னர் 1899-ல் செய்தது. பொழுதுபோக்கு விமானக்காரர்களுக்குப் பிறகு பெரிய துணையானது இதுதான். இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் 1957-ல் மின்மோட்டார் வைத்த ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தைப் பறக்கவிட்டது வெள்ளி-துத்தநாக பேட்டரியில். 1973-ல் ஆஸ்திரியாவில் மனிதரையே ஏற்றிப் பறந்த மின்விமானத்தில் இருந்தது நிக்கல்-காட்மியம். அதற்கு மூளையாக இருந்த மிலிட்கி ஒரு பொம்மை விமான வடிவமைப்பாளர்! எனக்கு மிகப் பிடித்த செய்தி இது.

நிக்கல்-காட்மியத்துக்கும் பத்தில் ஒரு பங்கு, 14 முதல் 16 மணி நேரம் என்பதுதான் பழைய முறை. பறக்கவிடும் மைதானத்தில் யார் அத்தனை நேரம் உட்காருவார்கள்? கார் பேட்டரியிலிருந்து கால் மணி, அரை மணியில் ஏற்றினார்கள். பேட்டரி நிறைந்ததும் அதன் வோல்டேஜ் லேசாக இறங்கும். அதைப் பார்த்துத் தானே நிறுத்திக்கொள்ளும் சார்ஜர் வரும்வரை, சூட்டில் எத்தனையோ பேட்டரிகள் போயின.

லித்தியம்-அயனியை சோனி 1991-ல் கடைக்குக் கொண்டுவந்தது. இதில் கோளாறு வேறு விதம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் ஒவ்வொன்றாகப் போய் உட்கார வேண்டும். ஆண்டாள் கோயில் தேரோட்டத்தன்று சந்துக்குள் கூட்டம் நுழைவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாகத் தள்ளினால் உள்ளே போக முடியாதவை வாசலிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்ப வேலைக்கு வராது. அவ்வளவு கொள்ளளவு நஷ்டம். படிவு முள்ளாக வளர்ந்து மறுபக்கத்தைத் தொட்டால் தீ. குளிரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதற்காக மெதுவாக ஏற்றினால் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். 4.2 வோல்ட் வரை நிறைத்து நம் சித்திரை வெயிலில் சும்மா வைத்திருந்தாலும் அது கிழடு தட்டும். பல நாள் பறக்கவிடப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைப்பது நல்லது.

இனி 1986. மாவட்டம் பிரிந்த மறுவருஷம், காமராஜர் மாவட்டம் என்று பெயர் இருந்த காலம். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு என் மாணவன் ஒருவன் மோட்டார் படகு செய்தான். தகரத்தை அவனே வெட்டி, அவனே பற்றவைத்தான். பழைய மோட்டார் சைக்கிள் பேட்டரி, 6 வோல்ட், 4 ஆம்பியர்-மணி. 0.4 ஆம்பியரில் ராத்திரி முழுக்க ஏற்ற வேண்டும். ராத்திரி லேபைத் திறந்து வைக்க முடியாது. எனக்குக் கடைசி ராஜபாளையம் பஸ் பிடிக்கும் அவசரம் வேறு. அதனால் அந்த வாரத்தில் மூன்று நாள் 4 ஆம்பியரில் வைத்து ஏற்றியது நான்தான். பெட்டி தொட முடியாத சூடு. மூடி வழியே புஸ் புஸ்ஸென்று காற்று வந்தது.

நடுவர்கள் வந்து நின்றபோது படகு தொட்டியில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. எல்லார் முன்னாலும் அவனைத்தான் திட்டினேன். கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கெடுத்துவிட்டாய் என்றேன். "இல்ல சார், டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தினேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அப்புறம் வாயே திறக்கவில்லை.

அடுத்த வாரம் பேட்டரிக் கடையில் அதைப் பிரித்துக் காட்டினார்கள். வளைந்த தகடு, அடியில் பழுப்புச் சேறு, ஒரு செல் ஷார்ட். ரொம்ப வேகமா ஏத்தியிருக்காங்க சார் என்றார் கடைக்காரர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகொரு வருஷம் பிள்ளைகளைக் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு டூர் கூட்டிப்போனேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த இடம். பேட்டரி ஏன் சீக்கிரம் செத்துப்போகிறது என்று ஒரு பையன் அங்கே கேட்டான். நான் பின்வரிசையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படகுக்காரப் பையன் பத்தாம் வகுப்போடு ஊரை விட்டுப் போனதாகக் கேள்வி. பெயரை இங்கே எழுத மாட்டேன், 86 செட்டில் எல்லாருக்கும் தெரியும். தொடர்பில் இருப்பவர்கள் இதை அவனுக்கு அனுப்புங்கள். தம்பி, நீ ஊற்றியது நல்ல தண்ணீர்தான். தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு.