ரைஹானும் ரோஜாவும்

யாரேனும் ரைஹான் கொடுத்தால் அதை மறுக்க வேண்டாம். சுமப்பதற்கு இலேசானது, மணமும் இனியது என்னும் கருத்துடைய நபிமொழியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் தொகுப்பில் பதிவு செய்துள்ளார்கள். ஒரு செடியின் தழைக்கு இவ்வளவு மதிப்பா என்று வியக்க வேண்டியதில்லை. திருமறையே அதனை இரண்டு இடங்களில் குறிப்பிடுகிறது. அர்ரஹ்மான் அத்தியாயத்தில் (55:12) தானியத்தோடு சேர்ந்து பூமியின் அருட்கொடையாக வருகிறது. அல்வாகிஆ அத்தியாயத்தில் (56:89) இறைநெருக்கம் பெற்றவருக்கு மரண வேளையில் கிட்டும் நற்பேறாக வருகிறது. முதல் இடத்தில் இச்சொல்லுக்கு வாழ்வாதாரம் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும், நுகரப்படும் நறுமணச் செடி என்று ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களும் பொருள் கூறியதாக விரிவுரை நூல்கள் தெரிவிக்கின்றன.

அச்செடி எது? ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் மண்ணில் மணக்கும் ஒன்றுக்கு இப்பெயரைச் சூட்டிக்கொண்டனர் என்கிறார் இப்னுல் கையிம் (மறைவு 1350). மக்ரிப் மக்களுக்கு அது 'ஆஸ்' என்னும் செடி. இராக், ஷாம் மக்களுக்கோ 'ஹபக்'. இந்தப் பிந்தைய வகையைச் சேர்ந்ததே நம் தமிழகத்தின் திருநீற்றுப்பச்சை. நாம் சர்பத்தில் ஊறவைத்துப் பருகும் சப்ஜா, அதன் விதையே. ஒரே செடி ஒரு மரபில் திருநீற்றின் பெயரையும் மற்றொரு மரபில் திருமறைச் சொல்லையும் தாங்கி நிற்பது சிந்திக்கத் தக்கது.

இச்சொல்லின் உச்சமான ஆட்சியை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஹஸன், ஹுஸைன் (ரலி) ஆகிய பேரர்கள் இருவரையும் இவ்வுலகில் தம் இரு ரைஹான்கள் என்று அண்ணலார் (ஸல்) அழைத்தார்கள். கர்பலாவுக்குப் (ஹிஜ்ரி 61, கி.பி. 680) பின்னர், இஹ்ராமில் ஈயைக் கொல்லலாமா என்று இராக்வாசி ஒருவர் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் வினவினார். நபிமகளாரின் மைந்தரைக் கொன்றவர்கள் ஈயைப் பற்றிக் கேட்கிறார்களே என்று வருந்திய அவர்கள், அந்த நபிமொழியை எடுத்துரைத்தார்கள்.

ரோஜாவின் கதை வேறு. மிஃராஜ் இரவில் அண்ணலாரின் வியர்வையிலிருந்து வெண்ரோஜாவும், ஜிப்ரீல் (அலை) அவர்களின் வியர்வையிலிருந்து செந்நிற ரோஜாவும், புராக்கின் வியர்வையிலிருந்து மஞ்சள் ரோஜாவும் தோன்றின என்று ஒரு செய்தி நெடுங்காலமாக வழங்கிவருகிறது. இது ஆதாரப்பூர்வமானதன்று என்றார் இமாம் நவவீ (ரஹ்). இட்டுக்கட்டப்பட்டது என்றார் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்). ஆனால் அக்கதை முளைத்த மண் வெறும் மண்ணன்று. அண்ணலார் உறங்கும்போது அவர்களின் வியர்வையை உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் சிறு குப்பியில் சேகரித்து நறுமணமாக வைத்துக்கொண்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. உண்மையான நேசத்தின் மீது கற்பனை படர்ந்திருக்கிறது. நேசத்தைப் போற்றலாம், ஆனால் கற்பனையை நபிமொழி என்று கூற நமக்கு உரிமையில்லை.

உஸ்மானியத் துருக்கியர் இந்த எல்லையை அறிந்தே பூக்களில் பொருள் கண்டனர். 'லாலே' என்னும் துலிப் மலரின் அரபு எழுத்துகளும் 'அல்லாஹ்' என்னும் திருநாமத்தின் எழுத்துகளும் ஒன்றே. அப்ஜத் கணக்கில் இரண்டுக்கும் 66. இஸ்தான்புல்லின் ருஸ்தம் பாஷா பள்ளிவாசல் சுவர்களில் 16ஆம் நூற்றாண்டின் இஸ்னிக் ஓடுகள் துலிப் மலர்களைச் சுமந்து நிற்கின்றன. அவர்கள் அதற்கு ஹதீஸ் புனையவில்லை, அழகாக வரைந்தனர்.

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகளாகவே நமக்கு இருந்தன. எம் அன்னையாரை நல்லடக்கம் செய்த அன்று, பெரியவர் ஒருவர் கப்ரின் தலைமாட்டில் ஒரு பச்சைக் கிளையை ஊன்றினார். இளைஞர் ஒருவர் பித்அத் என்று சொல்லி அதைப் பிடுங்கக் கை நீட்டினார். இருவரும் நம் முகத்தையே பார்த்தனர்.

வேதனை செய்யப்பட்ட இரு கப்ருகளின் மீது ஈரமான பேரீச்ச மட்டையைப் பிளந்து, அவை காயும்வரை வேதனை இலேசாக்கப்படலாம் என்று அண்ணலார் ஊன்றிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அது அண்ணலாரின் துஆவின் பரக்கத்தே அன்றி ஈரக்கிளையின் தனித்தன்மையன்று என்றார் இமாம் கத்தாபீ (மறைவு ஹிஜ்ரி 388). எனினும் நபித்தோழர் புரைதா (ரலி) தம் கப்ரில் இரு மட்டைகளை வைக்குமாறு மரண சாசனம் செய்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் இப்னு ஹஜர் ஹைதமீ (மறைவு ஹிஜ்ரி 974), பச்சை மட்டை வைப்பது சுன்னத் என்றும், வழக்கத்திலுள்ள ரைஹானும் அதைப் போன்றதே என்றும் எழுதினார்கள். பசுமை மாறுமுன் அதை அகற்றுவது மய்யித்தின் உரிமையைப் பறிப்பதாகும் என்பதும் அவர்களின் கருத்து.

இமாம் புகாரி (ரஹ்) புரைதா (ரலி) அவர்களின் சாசனத்தையும், கப்ரின் மீதிருந்த கூடாரத்தைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், அவருக்கு நிழல் தருவது அவருடைய செயலே என்று கூறி அதை அகற்றச் சொன்னதையும் ஒரே பாடத்தில் அருகருகே வைத்துள்ளார்கள். இரண்டையும் சேர்த்து ஓதுபவனுக்கே அப்பாடம் முழுமையாகும்.

கிளை இருக்கட்டும் என்று இளைஞரிடம் கூறினோம். கிளையை நம்பி இருந்துவிட வேண்டாம் என்று பெரியவரிடமும் கூறினோம். சில வாரங்கள் கழித்து ஸியாரத்துக்குச் சென்றபோது அது சருகாகியிருந்தது. துஆவுக்குக் கையேந்தினோம், அது மட்டுமே இனி நம் பொறுப்பு.