வணிகத்திற்கு உதவிய உளவியல்

வாணிபத்தில் இறங்க விரும்பும் ஒருவர் என்ன படிக்க வேண்டும் என்று கேட்டால், கணக்கியல், வணிகவியல் என்று உடனே பதில் சொல்வீர்கள். உளவியல் என்று சொல்வீர்களா? நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வாறு எண்ணிப் படித்த ஓர் அமெரிக்கப் பெண்மணியின் வரலாற்றைப் பார்ப்போம்.

லில்லியன் 1878-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். ஆங்கில இலக்கியம் பயின்றவர். 1904-ல் பிராங்க் கில்பிரெத் என்ற கட்டட ஒப்பந்தக்காரரை மணந்தார். பிராங்க், கொத்தனார் ஒரு செங்கல்லை வைக்கச் செய்யும் 18 அசைவுகளை ஏறத்தாழ ஐந்தாகக் குறைத்தவர். வீண் அசைவு குறைந்தால் வேலை கூடும் என்பது அவர் கண்ட உண்மை.

ஆனால் வேலை செய்பவன் மனிதன் அல்லவா? அவனுக்குக் களைப்பு உண்டு, சலிப்பு உண்டு, புதிய முறையைக் கண்டால் அச்சமும் உண்டு. இவற்றைக் கடிகாரம் அளந்து சொல்லாது. ஆகவே, கணவரின் தொழிலுக்கு இலக்கியத்தைவிட உளவியலே பயன்படும் என்று முடிவு செய்து, லில்லியன் அதை ஆராயத் தொடங்கினார்.

அவருடைய ஆய்வு 1914-ல் 'நிர்வாகத்தின் உளவியல்' என்ற நூலாக வெளிவந்தது. ஆசிரியர் பெண் என்பது வெளியே தெரிவதைப் பதிப்பகத்தார் விரும்பவில்லை. 'எல். எம். கில்பிரெத்' என்று மட்டுமே அச்சாயிற்று! மறு ஆண்டில் பிரௌன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

1924 ஜூன் மாதம் பிராங்க் திடீரென இறந்தார். லில்லியனுக்கு வயது 46. வளர்க்க வேண்டிய குழந்தைகள் 11 பேர். பெண்ணிடம் ஆலோசனை பெற விரும்பாத சில நிறுவனங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் மனம் தளராமல் வீட்டிலேயே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். நிறுவனங்கள் தம் அலுவலர்களை அங்கு அனுப்பிவைத்தன.

பின்னர் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம், மாதவிடாய்க் காலத்தில் பயன்படும் அணையாடைகளை ஆராயும்படி அவரைக் கேட்டது. அவர் 1000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் வினாப்பட்டியல் மூலம் கருத்துக் கேட்டார். எது வசதி, எது தொல்லை என்று பயன்படுத்துவோரே கூறினர். 1927-ல் அறிக்கை தயாராயிற்று. இன்று சந்தை ஆய்வு என்கிறோமே, அதன் தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று.

1935-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1965-ல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி அவரே. 1972-ல் மறைந்தார்.

உளவியல் என்றால் பிறர் மனத்தை மயக்கிப் பொருளை விற்கும் வித்தை என்று சிலர் எண்ணுவதுண்டு. லில்லியனின் வாழ்க்கை வேறு பாடம் கூறுகிறது. நீங்கள் கடை வைத்தாலும் தொழிற்சாலை நடத்தினாலும், நாள்தோறும் பழகப்போவது மனிதர்களுடன்தான். அவர்களுடைய களைப்பையும் தேவையையும் கேட்டறியும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். அது எந்த முதலீட்டிற்கும் குறைந்ததன்று.